இடைவெளி விட்டு அடித்த வரி

மரம் ஏற்றி வந்த கப்பல் துறைமுக வாய்க்காலின் நடுவில் சேற்றில் உட்கார்ந்தபோது யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. மூடுபனி அவ்வளவு கனமாக இருந்தது. கப்பல் ஒரு பெருமூச்சு விட்டதுபோல மெல்ல நின்றது; அவ்வளவுதான். மேல்தளத்திலிருந்த மாலுமிகள் இயந்திரம்தான் அணைந்துவிட்டது என்று நினைத்தார்களாம். தண்ணீர் மறுபடி ஏறிக் கப்பலைத் தூக்கிவிட ஆறு மணி நேரம் ஆயிற்று. யாருக்கும் அடியில்லை, எங்கும் ஓட்டையில்லை. ஆனாலும் தட்டி நின்ற கப்பல் தட்டி நின்ற கப்பல்தான். வெள்ளிக்கிழமை விசாரணை என்று துறைமுக அதிகாரி அறிவித்துவிட்டார்.

வெளிக்கடலில் காத்திருக்கும் கப்பல்களில் படகில் போய் ஏறி, வாய்க்கால் வழியாக உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது பைலட்டின் வேலை. அன்றைக்கு அந்தக் கப்பலில் இருந்த பைலட் ஒரு பெண். கையில் வைத்திருந்த நீர்மட்ட அறிவிப்பில் அந்த நேரத்துக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று எழுதியிருந்ததோ அதை நம்பித்தான் கப்பலை உள்ளே விட்டாள். அந்த அறிவிப்பைக் கணக்கிடும் கணினி நிரலைப் பராமரித்துவந்தவள் அவளுடைய சொந்த அண்ணி.

அண்ணிக்கு வீட்டில் எறும்பு என்று பெயர். கணவன் வைத்தது. மருந்துப் புட்டியின் சீட்டானாலும் பேருந்துச் சீட்டின் பின்பக்கமானாலும் ஒரு வரி விடாமல் ஊர்ந்து ஊர்ந்து படித்து முடித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். கணவன் ரொட்டி சுடுகிறவன். விடியுமுன் போய் மத்தியானம் மாவு வாசனையோடு திரும்பி வந்து தூங்குகிறவன். அவன் தங்கை, பைலட்காரி, மாடி அறையில் இருந்தாள்.

கப்பல் தட்டிய அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்து, நனைந்த கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினாள். காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்க தண்ணி பொய் சொல்லுது," என்றாள்.

எறும்பு அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னைக்கிலேர்ந்து?"

"மூணு வாரமா. எல்லா நாளும் இல்ல. சில நாள் சரியா இருக்கு. சில நாள் தாள்ல இருக்கிற தண்ணி கீழ இல்ல. நான் குண்டு கட்டின கயிறு விட்டு ஆழம் பார்த்துக் குறிச்சு வச்சிருக்கேன். இன்னைக்குச் சரியா இருக்கும்னு நம்பிட்டேன்."

"ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"வீட்டுல வேலைப் பேச்சு வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க."

அது உண்மைதான். ஒருமுறை சாப்பாட்டு மேசையில் அலையைப் பற்றி இருவரும் வாக்குவாதம் செய்து, கணவன் நடுவில் மாட்டிக்கொண்டு, "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடிங்கிறது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்காங்க" என்று எழுந்து போன நாளிலிருந்து அப்படி ஒரு சட்டம் வீட்டில் இருந்தது.

"குறிப்பை எடுத்துட்டு வா," என்றாள் எறும்பு.

நீர்மட்ட அலுவலகம் ஒரு கயிற்றுக் கிடங்கின் மேல்மாடியில் மூன்று அறைகள். எந்நேரமும் ஈரக் கயிற்றின் வாசனை பலகைத் தரையின் இடுக்குகளில் ஏறி வந்துகொண்டிருக்கும். சாதாரண நாட்களில் ஜன்னலில் படகுத்துறையின் முனைவரை தெரியும். அந்த மூன்று வாரமாக ஜன்னல்கள் வெறும் வெள்ளைத் தாள்களாக இருந்தன. எங்கோ ஒரு மிதவையின் மணி அடிக்கும். அது பக்கத்திலா தூரத்திலா என்று சொல்ல முடியாது. அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள், அறையில் யாரோ தூங்குவதுபோல.

மறுநாள் காலை மேலாளர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், கவலை வந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அன்றைக்குக் கண்ணாடி தேய்ந்தே போயிருக்க வேண்டும்.

"மட்டக்காரர் கிணத்தைச் சுத்தம் பண்ணலைன்னு நினைக்கிறேன்," என்றார். "அவரை வேற வேலைக்கு மாத்தச் சொல்லிக் கடிதம் தயார் பண்ணிட்டேன். விசாரணையில கொடுத்துடலாம்."

மட்டக்காரர் என்பவர் படகுத்துறை முனையில் நீர்மட்டம் அளக்கும் கருவியைக் கவனித்துவந்தவர். அங்கே கடலுக்குள் இறங்கும் ஒரு இரும்புக் குழாய் உண்டு. அதைத்தான் கிணறு என்பார்கள். அதற்குள் ஒரு மிதப்பு ஏறி இறங்கும். அது காட்டுகிற அளவைக் கொண்டுதான் நிரல் தினமும் தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும். குழாயில் சேறு அடைத்தால் கணக்கு முழுவதும் கெடும். ஆகவே மேலாளர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"இதைக் கொஞ்சம் பாருங்க சார்," என்று எறும்பு இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று இருபத்தொரு நாள் அறிவிப்பு. இன்னொன்று நாத்தனார் கயிறு விட்டுப் பார்த்து எழுதியது. "பதினாலு நாள் ரெண்டும் ஒத்துப்போகுது. ஏழு நாள் ஒத்துப்போகல. அந்த ஏழு நாளும் வித்தியாசம் ஒரே அளவு. நாப்பத்தொரு சென்டிமீட்டர். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சேறு இப்படிக் கணக்கா பொய் சொல்லாது சார்."

மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் துறைமுகத்தின் பூஜ்ஜியக் குறி, அதாவது எந்தக் கோட்டிலிருந்து தண்ணீரை அளப்பது என்று வைத்திருந்த குறி, மாற்றப்பட்டது. எவ்வளவு மாற்றினார்கள் என்ற அறிவிப்பு இன்னும் அந்தச் சுவரிலேயே தொங்கியது. நாற்பத்தொன்று.

"அப்ப நம்ம நிரல் சில நாள் பழைய பூஜ்ஜியத்துலேர்ந்து அளக்குதுன்னு சொல்றீங்க."

"ஆமா சார். ஏன்னு இன்னும் தெரியல."

"பைலட் உங்க நாத்தனார்," என்றார் மேலாளர் தயங்கி. "நிரல்தான் தப்புன்னு நீங்க வந்து சொன்னா, அவங்களைக் காப்பாத்தப் பார்க்கிறீங்கன்னு பேச்சு வரும்."

"நாத்தனாரைக் காப்பாத்துற அண்ணியை உலகத்துல யாராவது பார்த்திருக்காங்களா சார்? யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். கடிதத்தை இழுப்பறைக்குள் தள்ளினார், கிழிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஏன்னு கண்டுபிடிங்க. இன்னைக்குத் திங்கள்."

அந்த நிரல் ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதப்பட்டது. நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். பல கைகள், பல வருடங்கள். பல கோப்புகள் தமக்கென்று ஒரு பெயர் சொல்லிக்கொண்டு தொடங்கும். அப்படிப் பெயர் சொன்ன பகுதிக்கு மாட்யூல் என்று பெயர். மற்றக் கோப்புகள் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தும். கொடுக்கிறவர் முதலில் கம்பைல் ஆக வேண்டும், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற வேண்டும்; வாங்குகிறவர் பிறகு. இந்த வரிசையைப் போடுவதற்காக வாசிப்பான் என்று ஒரு சின்ன நிரல் இருந்தது. தினமும் காலையில் அது எல்லாக் கோப்புகளையும் மேலோட்டமாகப் பார்த்து, எந்த மாட்யூல் எந்தக் கோப்பில் பிறக்கிறது என்று ஒரு பட்டியல் போடும். வாய்க்காலின் புதிய ஆழங்களைச் சேர்த்து முழு நிரலையும் தினமும் புதிதாகக் கட்டுவார்கள். பதினாறு கோப்புகள் ஒரே நேரத்தில் கம்பைல் ஆகும்.

எறும்பு அந்தப் பட்டியலை அச்சிட்டுக் கொண்டுபோய் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். பூஜ்ஜியக் குறியை வைத்திருக்கும் மாட்யூலின் பெயர் அதில் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தாள். இல்லவே இல்லை. இருபத்தாறு கோப்புகள் அதைக் கேட்டு வாங்குகின்றன. கொடுக்கிறவரோ பட்டியலில் இல்லை. வாசிப்பானுக்குத் தெரியாத பெயர் வந்தால் அது வெளியிலிருந்து வந்த பொருள் போலும் என்று விட்டுவிடும். ஆகவே யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சில நாள் புதிய மாட்யூல் முந்திக்கொண்டு கம்பைல் ஆனது. சில நாள் வாங்குகிறவர்கள் முந்திக்கொண்டார்கள். அப்போது, ஏற்கெனவே கம்பைல் ஆகிக் கிடந்த பழைய மாட்யூலை எடுத்துக்கொண்டார்கள்.

பழையது எங்கிருந்து வந்தது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன் அலுவலகக் கணினி செத்துப்போனது. புதியதில் எல்லாவற்றையும் ஒரு பழைய சேமிப்பிலிருந்து நகல் எடுத்துப் போட்டார்கள். நகலோடு, பூஜ்ஜியம் மாறுவதற்கு முன்பு கம்பைல் ஆன மிச்சம் மீதியும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு காலையும் அந்த மூலநகலிலிருந்தே வேலை தொடங்கியதால் ஒவ்வொரு காலையும் அது உயிர்த்து வந்தது.

வாசிப்பானுக்கு அந்த மாட்யூல் ஏன் தெரியவில்லை என்பதுதான் பாக்கி. கோப்பைத் திறந்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள்.

M O D U L E   D A T U M

DATUM என்றால் பூஜ்ஜியக் குறி. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி. கோவில் மணியோ கல்வெட்டோ இல்லை, ஒரு நிரல். அதன் தலையில் யாரோ எழுத்து எழுத்தாக மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பெயரைச் சொல்லியிருந்தார்கள். அது பழைய வடிவத்தில் எழுதிய கோப்பு. பழைய வடிவத்தில் இடைவெளிக்கு மதிப்பே கிடையாது; சேர்த்து எழுதினாலும் விட்டு எழுதினாலும் கம்பைலருக்கு ஒன்றுதான். வாசிப்பானோ முழுச் சொல்லாக இருந்தால்தான் கண்டுகொள்ளும். வரி இருந்தது. சரியாகவும் இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, எறும்பு படகுத்துறை முனைக்கு நடந்தாள். மட்டக்காரர்மேல் பழி இல்லை என்று சொல்ல வேண்டும். அவருடைய பதிவேட்டையும் கேட்க வேண்டும். பனியில் பலகைகள் ஒவ்வொன்றாக அவள் காலடிக்கு வந்து, பின்னால் கரைந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் கடல் இருந்தது என்பது சத்தத்தால் மட்டும் தெரிந்தது. பாதி தூரத்தில், தான் நடக்கவில்லை, துறைதான் தன்னை நோக்கி மெதுவாக நகர்ந்து வருகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மட்டக்காரர் கருவியறைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து மிதப்பின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டியவர், ஒல்லி. அவளைப் பார்த்ததும் எழுந்து, கேட்பதற்கு முன்பே குழாயின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார்.

"பாருங்கம்மா. கிணறு சுத்தமாத்தான் இருக்கு. நாலு நாளைக்கு ஒருதரம் துடைக்கிறேன்."

"தெரியும் அண்ணே. அதைச் சொல்லத்தான் வந்தேன். தப்பு இங்க இல்ல, மேல அலுவலகத்துல."

அவர் மூடியை மூடினார். நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. அவள் தாளைப் பிரித்து, நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அவர் தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். முகம் மாறியது.

"இது நான் அடிச்சது," என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன் அவர் அலுவலகத்தில் தட்டச்சுக்காரர். பொறியாளர்கள் தாளில் எழுதிக் கொடுப்பார்கள்; இவர் கணினியில் அடித்துக் கொடுப்பார். பிறகு பொறியாளர்களே அடிக்கப் பழகிவிட்டார்கள். இவரைத் துறை முனைக்கு அனுப்பினார்கள். இவரும் சந்தோஷமாக வந்துவிட்டார், விரல்களுக்கு ஓய்வு.

"இடைவெளி ஏன் அண்ணே விட்டீங்க?"

அவர் வெட்கப்பட்டார். "தலைப்புன்னா தலைப்பு மாதிரி இருக்கணும்னு தோணிச்சு. மத்தியானம் வேலை கம்மியா இருக்கும். அப்ப அடிச்ச கோப்புக்கெல்லாம் இப்படிப் போடுவேன். கம்பைலர் ஒண்ணும் சொல்லல. யாரும் ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப கப்பல் தட்டினது என்னாலதானா?" என்று கேட்டார்.

"இல்ல. நீங்க அடிச்சது விதிப்படி சரி. படிச்சவன்தான் ஒழுங்கா படிக்கல."

சங்கிலி இரண்டு கண்ணி இறங்கியது. அவர் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மேலாளருக்கு விஷயம் தெரிந்ததும் மலைபோல் வந்தது பனிபோல் நீங்கியதாக நினைத்துவிட்டார்.

"அந்த இடைவெளியை எடுத்துடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"இந்த வரியில எடுத்துடலாம் சார். இப்படி இன்னும் எத்தனை இருக்குன்னு நம்ம வாசிப்பானுக்குத் தெரியாதே. அதுக்குத் தெரியாததை அது சொல்லவும் செய்யாது. நாளைக்கு இன்னொரு பெயர் காணாமப் போகும். வாசிப்பானைத்தான் சரி பண்ணணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இன்னைக்கு முடிச்சுடுவேன்," என்றாள். அவள் வாழ்க்கையில் அவசரப்பட்டுச் சொன்ன வார்த்தைகள் மிகக் குறைவு. அது ஒன்று.

அன்று முழுவதும் உட்கார்ந்து, பழைய வடிவத்துக் கோப்புகளில் இடைவெளிகளையெல்லாம் நீக்கிவிட்டு வரியைப் படிக்கும்படி வாசிப்பானை மாற்றினாள். மாட்யூல் என்று தொடங்கினால் மிச்சம் இருப்பது பெயர். பூஜ்ஜியக் குறி பட்டியலில் வந்து நின்றது. இன்னும் சில பெயர்களும் வந்தன. பட்டியல் வளர்ந்ததைப் பார்த்து மகிழ்ந்துபோய், அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். எறும்பு ஒருநாள் ஊராமல் குதித்தது.

புதன்கிழமை காலை நிரல் எழும்பவேயில்லை. பட்டியலில் புதிதாக வந்தவற்றில் பாதி பேய்கள். ஃபோர்ட்ரானில் மாட்யூல் ப்ரொசீஜர் என்று இன்னொரு வகை வரி உண்டு. அது எதையும் பெற்றெடுப்பதில்லை. வேறொரு கட்டுக்குள், ஏற்கெனவே இருக்கிற ஒரு வேலைக்காரனைச் சுட்டிக்காட்டுவதோடு சரி. இடைவெளிகளை எடுத்துவிட்டால் அந்த வரி, ப்ரொசீஜர் என்று தொடங்கும் ஒரு நீளப் பெயரோடு பிறந்த மாட்யூல் போலவே இருக்கும். ஒரே பேய் மூன்று கோப்புகளில் பிறந்திருந்தது. யார் உண்மையான தாய் என்று தெரியாமல் எல்லாம் நின்றுவிட்டது.

அன்று அறிவிப்பு வரவில்லை. வெளியே பனிக்குள் நான்கு கப்பல்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் நின்று ஊதிக்கொண்டிருந்தன. பைலட்டுகள் வருட அட்டவணைப் புத்தகத்தை வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்து, இரண்டு கப்பலை மட்டும் மிக மெதுவாகக் கொண்டுவந்தார்கள். மேலாளர் திட்டவில்லை. "பழைய வாசிப்பானைத் திரும்பப் போடுங்க," என்று மட்டும் சொன்னார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

வீட்டில் நாத்தனார் அவளுக்கு முன்னால் ஒரு ரொட்டியைத் துண்டு போட்டு வைத்தாள்.

"சாப்பிடுங்க அண்ணி."

"உன்னைக் காப்பாத்தப் போய் உன் தொழிலையே நிறுத்திட்டேன்."

"நாலு கப்பல் காத்திருந்தா கடல் வத்திடாது. ஆனா நாளன்னைக்கு அந்த மனுஷனையும் என்னையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சுக் கேள்வி கேட்பாங்க. எனக்கு லைசென்ஸ் போனா இன்னொரு துறைமுகம் இருக்கு. அவருக்கு அந்தக் குழாயை விட்டா வேற என்ன இருக்கு?"

தூக்கத்திலிருந்து எழுந்து வந்த கணவன் இருவரையும் பார்த்துவிட்டு, இன்னொரு ரொட்டியை எடுத்துவந்து வைத்தான்.

வியாழக்கிழமை எறும்பு பேய்கள் வந்த கோப்புகளை அச்சிட்டு, அலுவலகத்தின் மூன்றாவது அறைத் தரையில் விரித்து, காலணியைக் கழற்றிவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். தனியாகப் பார்த்தால் இரண்டு வகை வரிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஜன்னலின் வெள்ளை வெளிச்சம் தாள்களின்மேல் பரவியிருந்தது. கீழே கிடங்கில் யாரோ கயிறு சுற்றும் உருளையின் சத்தம் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. படித்துப் படித்து அவளுக்குக் கண் சொருகியது. பாதித் தூக்கத்தில் தாள்கள் ஒரு தெருவாயின. அவள் ஒவ்வொரு வாசலாக ஏறி உள்ளே போனாள், உள்ளறைக்குப் போனாள், வெளியே வந்தாள். விழித்தபோது தன் வலக்கையைப் பார்த்தாள். படிக்கும்போது, ஏதாவது ஒன்று தொடங்கும் வரிக்கு அவள் ஒரு விரலை மடக்கியிருக்கிறாள். அது முடியும் வரிக்கு நிமிர்த்தியிருக்கிறாள். தனக்கே தெரியாமல்.

அப்படியே மறுபடி படித்தாள், இந்த முறை விரல்களைப் பார்த்தபடி. பெயர் சொல்லும் உண்மையான மாட்யூல் வரி வரும்போதெல்லாம் ஐந்து விரலும் நிமிர்ந்திருந்தன. அதற்கு முன் தொடங்கியவை எல்லாம் முடிந்திருந்தன. பேய் வரி வரும்போதெல்லாம் இரண்டு விரலாவது மடங்கியிருந்தது. ஒரு வரியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு அது என்ன என்று கேட்டால் அது சொல்லாது. கோப்பின் தலையிலிருந்து, எது திறந்தது எது மூடியது என்று நினைவில் வைத்துக்கொண்டே வர வேண்டும்.

அவள் வாசிப்பானைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். முதலில் கோப்பு பழைய வடிவமா புதியதா என்று பார்ப்பது. குறிப்புரைகளையும் மேற்கோளுக்குள் இருக்கும் பேச்சையும் ஒதுக்குவது. அடுத்த வரிக்குத் தாவும் வாக்கியங்களை ஒட்டுவது. அது மட்டும் மத்தியானம் வரை இழுத்தது, ஏனென்றால் ஒரு கோப்பில் மாட்யூல் என்ற சொல்லே வரி முனையில் உடைந்து பாதி கீழே கிடந்தது. பிறகு விரல்கள். திறந்தால் மடக்கு, மூடினால் நிமிர்த்து. எல்லாம் நிமிர்ந்திருக்கும்போது வந்தால் மட்டும் அது மாட்யூல்.

பட்டியல் வந்தது. இந்த முறை அதை ஊர்ந்து ஊர்ந்து படித்தாள். விட்டுப்போயிருந்த பதினொன்று வந்திருந்தன. அதில் ஒன்பது, மட்டக்காரரின் மந்தமான மத்தியானங்கள். பேய் ஒன்றுகூட இல்லை. பழைய மிச்சங்களை மூலநகலிலிருந்து வேண்டுமென்றே நீக்காமல் வைத்துக்கொண்டு, நிரலை முப்பது முறை புதிதாகக் கட்டிப் பார்த்தாள். முப்பது முறையும் ஒரே தண்ணீர். அதற்குப் பிறகுதான் மிச்சங்களை நீக்கினாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை நீளமான ஓர் அறையில் நடந்தது. துறைமுக அதிகாரி குள்ளமானவர், சுருக்கமாகப் பேசுகிறவர். நாத்தனாரும் மட்டக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எறும்பு எழுந்து, நாற்பத்தொன்றைச் சொன்னாள், காணாமல்போன பெயரைச் சொன்னாள், செவ்வாய்க்கிழமை தான் செய்த அவசரத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

அதிகாரி அச்சிட்ட தாளைத் தூக்கிப் பிடித்தார். "யார் இப்படி எழுத்து எழுத்தா எழுதினது?"

"விதிக்கு உட்பட்டு எழுதின வரி சார். யார் எழுதினா என்ன? அதைப் படிக்கத் தெரியாத நிரலை வச்சிருந்தது எங்க அலுவலகம்."

மட்டக்காரர் எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "நான்தான் அடிச்சேன்," என்றார்.

அதிகாரி அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு?"

"அழகா இருந்துச்சு சார்."

அதிகாரி தாளை இன்னொரு முறை பார்த்தார், கொஞ்சம் தள்ளிப் பிடித்து. "ம்," என்றார். அதை ஒத்துக்கொண்டாரா இல்லையா என்பது அறையிலிருந்த யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை. தீர்ப்பு எழுதினார்: பைலட்மேல் குற்றமில்லை, ஆனால் மூன்று வாரம் குறித்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தது தவறு. அளவுக் கருவியில் குறையில்லை. நீர்மட்ட அலுவலகத்துக்குக் கண்டனம். மேலாளர் பெயரும் நிரலைப் பராமரிப்பவர் பெயரும் கோப்பில் ஏறும். மேலாளர் வெளியே வந்து, சட்டைப்பையிலிருந்து அந்த இழுப்பறைக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார், கண்ணாடியைத் துடைத்தார். "கண்டனம்தானே, ஒண்ணும் இல்ல," என்றார், தனக்குத்தானே.

இடைவெளிகளை எடுப்பதா வைப்பதா என்ற பேச்சு பிறகு ஒருமுறை வந்தது. எறும்பு மட்டக்காரரையே கேட்டாள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "உங்க புது ஆளுக்குப் படிக்க முடியுதுன்னா இருக்கட்டும்மா," என்றார். இருந்தது.

அடுத்த வாரம் அந்த மரக் கப்பல் காலிக் கிடங்கோடு போய், மறுபடி நிறைந்து வந்தது. பனி இன்னும் விலகவில்லை. "வாங்க அண்ணி, உங்க தண்ணியை நேர்ல பாருங்க," என்று நாத்தனார் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனாள். கயிற்று ஏணியில் ஏறும்போது எறும்பு கண்ணை மூடிக்கொண்டாள். மேலே யாரோ கையைப் பிடித்து இழுத்து, சூடான ஏதோ ஒரு பானத்தைக் கொடுத்து, சுருட்டி வைத்திருந்த கயிற்றுக் குவியலைக் காட்டினார்கள். அவள் உட்கார்ந்தாள். நாத்தனார் முன்னால் நின்று தாழ்ந்த குரலில் எண்களைச் சொல்வதும், யாரோ அதைத் திருப்பிச் சொல்வதும் கேட்டது. ஈர மரத்தின் வாசனை. வெள்ளை. கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. வாய்க்காலின் நடுப்பகுதி வரும்போது நன்றாகக் கவனிக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கண் விழித்தபோது மேலே ஒரு போர்வை இருந்தது. கப்பல் துறையில் கட்டப்பட்டு, பலகைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய ஆறிப்போன கோப்பையை முடித்துக்கொண்டிருந்தாள்.

"தாண்டியாச்சா?"

"எப்பவோ. எழுப்பலாம்னு நினைச்சேன். ஒரு வாரமா நீங்க தூங்கி நான் பார்க்கல."

"தண்ணி?"

"சரியா இருந்துச்சு அண்ணி. படுங்க. இன்னும் பாதி மரம் இறங்கணும்."